கச்சான் வீசும் பின்னேரத்தில் ஓவர்குளொக்

உப்புவெளியில் இருந்து ஒரு தம்பி ஓவர்குளொக் பற்றி, அதாவது புரொசெசரைக் கொம்பனி வைத்த வேகத்துக்கு மேலே ஓட்டுவது பற்றி, கேட்டிருக்கிறார். இன்டெல் ஐ5-13600கே புரொசெசர், 120 மில்லிமீற்றர் ஃபேன் ஒன்று பூட்டிய ஒற்றைக் கோபுரக் கூலர். அதில் உள்ள பெரிய கோர்கள் (வேலை செய்கிற தனித்தனி அலகுகள்) எல்லாவற்றையும் 5.5 கிகாஹெட்ஸுக்கு ஏற்றி, வோல்டேஜை 1.36இல் வைத்திருக்கிறார். சினிபெஞ்ச் என்ற சோதனை மென்பொருள் தொடங்கிப் பத்து விநாடிக்குள் 100 பாகை. யூடியூபில் ஒருவர் இதே புரொசெசரை, இதே கூலரோடு, 90க்குக் கீழே ஓட்டிக் காட்டுகிறாராம். "தண்ணிக் கூலர் வாங்கவா அண்ணா, பேஸ்டை மாத்தவா, இல்லை எனக்கு வந்த சிப்பே பழுதா?"

சிப் பழுதில்லை தம்பி. பேஸ்டை (சிப்புக்கும் கூலருக்கும் இடையில் பூசுகிற, சூடு கடத்தும் பசை) ஒருக்கால் கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் முழுக் குற்றமும் அதன் மேல் இல்லை. தண்ணிக் கூலருக்குக் காசு எடுத்து வைத்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். உங்கள் பிரச்சினையில் பாதி 1.36 என்ற அந்த இலக்கத்தில் இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பங்கு உங்கள் மேல்மாடி அறையில் இருக்கிறது.

முதலில் அந்த யூடியூப் ஆளைப் பார்ப்போம். அவருடைய அறை 21, 22 பாகை. கூலர் சோதனை செய்கிறவர்கள் பெரும்பாலும் அப்படியான அறையில்தான் செய்கிறார்கள். நீங்கள் இருப்பது சீட் கூரைக்குக் கீழே. வெளியில் கச்சான் வீசுகிறது. (வறுத்துத் தின்கிற கச்சான் இல்லை, மேற்கில் மலையேறி இறங்கி ஈரமெல்லாம் இழந்து வந்து எங்கள் முகத்தில் அடிக்கிற காற்று.) ஆவணி மாதத்துப் பின்னேரம் திருமலையில் வெளியிலேயே 35, 36 பாகை சாதாரணம். சீட்டுக்குக் கீழே அதை விடக் கூடும். எந்தக் கூலரும் அறைச் சூட்டுக்குக் கீழே சிப்பைக் கொண்டுபோகாது. காற்றில் ஓடுகிறதும் சரி, தண்ணியில் ஓடுகிறதும் சரி, கடைசியில் சூட்டைக் கொண்டுபோய்க் கொட்டுவது உங்கள் அறைக் காற்றுக்குள்தான். ஆகவே கூலரின் திறமையை "அறையை விட எத்தனை பாகை மேலே" என்றுதான் அளக்க வேண்டும். அறை ஒரு பாகை ஏறினால் சிப்பும் ஏறத்தாழ ஒரு பாகை ஏறும். அவருடைய 22க்கும் உங்களுடைய 35க்கும் இடையில் 13 பாகை. நீங்கள் பட்டனை அமத்த முதலே அந்த 13 போய்விட்டது.

எனக்கே இது ஒருமுறை நடந்தது. அப்போது என்னிடம் இருந்தது ஐ7-8700கே. அந்தத் தலைமுறையில் இன்டெல் சிப்புக்கும் மேல் மூடிக்கும் இடையில் ஈயப்பற்று வைக்காமல் பேஸ்ட் வைத்திருந்தார்கள், அதனால் பிறவியிலேயே சூட்டுக்காரன். மார்கழி மாதம், வாடைக்காற்று, வெளியில் மழை, அறை 25 பாகை. எல்லாக் கோரும் 5 கிகாஹெட்ஸ். இரவு முழுக்கச் சோதனை ஓடி, விடியப் பார்த்தால் உச்சம் 82. ஒரு பிழையும் இல்லை. பெருமையாகப் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பியும் விட்டேன். பிறகு ஆவணியில் ஒரு கலியாண வீட்டு வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் திரை நீலம். மறுபடி போட்டேன், மறுபடியும் நீலம். சிப் 100ஐத் தொடவும் இல்லை, 93இலேயே விழுந்துவிட்டது. சுவரில் கொழுவியிருந்த வெப்பமானியைப் பார்த்தேன்: 35. மார்கழி இரவில் போதுமாக இருந்த வோல்டேஜ் ஆவணிப் பகலில் போதவில்லை. சூடு கூடினால் அதே வேகத்தில் பிசகாமல் ஓட, பெரும்பாலும் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். வோல்டேஜைக் கூட்டினால் சூடு இன்னும் ஏறும். நாய் தன் வாலைத் துரத்துகிற கதை. அன்று 4.8க்கு இறக்கி, வோல்டேஜையும் குறைத்துத்தான் அந்த வீடியோவைக் கொடுத்து முடித்தேன். 4.8க்கும் 5க்கும் ரெண்டர் நேரத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் கூட இல்லை.

இனி அந்த 1.36. புரொசெசர் தின்கிற மின்சாரம் வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். இது ஒன்று விளங்கினால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். உங்கள் புரொசெசர் கடையில் வந்தபடி 5.1 கிகாஹெட்ஸில், சுமையில் 1.20 வோல்டில், 180 வாட் எடுக்கிறது என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். 5.5க்குப் போனால் வேகம் 7.8 வீதம் கூடுகிறது. வோல்டேஜ் 1.20இல் இருந்து 1.36க்குப் போனால் அதன் வர்க்கம் 28 வீதம் கூடுகிறது. இரண்டையும் பெருக்குங்கள்: 38 வீதத்துக்கு மேல். 180 வாட் 249 வாட் ஆகிவிட்டது. எட்டு வீதம் வேகத்துக்கு முப்பத்தெட்டு வீதம் சூடு.

அதையே பாகையில் பாருங்கள். 180 வாட்டுக்கு உங்கள் கூலர் சிப்பை அறையை விட 55 பாகை மேலே வைத்திருக்கிறது என்றால், 249 வாட்டுக்கு 76 பாகை மேலே போகும். 22 பாகை அறையில் அது 98, தப்பிப் பிழைக்கும். 35 பாகை அறையில் 111. ஆனால் 111ஐ நீங்கள் ஒருநாளும் திரையில் காணமாட்டீர்கள். இந்தப் புரொசெசரின் எல்லை 100, அங்கே போனதும் அது தானாக வேகத்தை இறக்கிவிடும். அதாவது நீங்கள் 5.5 என்று எழுதி வைத்திருக்கிறீர்கள், அது 5.2இலோ 5.1இலோதான் ஓடிக்கொண்டிருக்கும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து "எஃபெக்டிவ் குளொக்" (உண்மையில் ஓடுகிற வேகம்) என்ற வரியையும், "தேர்மல் த்ரொட்லிங்" (சூட்டால் வேகம் இறங்குவது) என்ற வரியில் "ஆம்" என்று சிவப்பாக நிற்கிறதா என்பதையும் பாருங்கள். சிவப்பாக நின்றால் உங்கள் ஓவர்குளொக் பேருக்குத்தான்.

ஆனால் நீங்கள் சொன்னதில் என் கண்ணில் பட்டது "பத்து விநாடி". இதைச் சரியாகக் கவனித்து எழுதியதற்கு நன்றி, ஏனென்றால் எவ்வளவு சூடு என்பதை விட எவ்வளவு கெதியாகச் சூடு என்பதுதான் நோயைக் காட்டும். ஒரு பெரிய அலுமினியக் கூலரை, அதன் செப்புக் குழாய்களோடு சேர்த்து, முழுதாகச் சூடாக்கப் பல நிமிடம் எடுக்கும். காற்றோட்டம் போதவில்லை என்றால் இலக்கம் மெல்ல மெல்ல, ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று ஏறும். தொடங்கின கையோடு பாய்ந்து 100க்குப் போனால், சூடு சிப்பில் இருந்து கூலருக்கே வந்து சேரவில்லை. ஒன்று, அளவுக்கு மிஞ்சின வாட் ஒரு சின்ன இடத்துக்குள் கொட்டுகிறது. அல்லது கூலர் சிப்பில் வடிவாக உட்காரவில்லை. உங்களுக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அறிய ஒரு வழி, கருவி ஒன்றும் தேவையில்லை. பக்கக் கதவைக் கழற்றிவிட்டு சினிபெஞ்ச் மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். திரையில் 100 நிற்கும்போது கூலரின் தகடுகளின் மேல் விளிம்பை விரலால் தொடுங்கள் (ஃபேன் இதழுக்குள் விரலை விட்டுவிடாதீர்கள், அடியில் உள்ள செப்புக் குழாயைப் பிடிக்கவும் வேண்டாம், அது சுடும்). தகடு நல்ல சூடாக, விரலை வைத்துக்கொண்டிருக்க முடியாமல் இருந்தால் சூடு அங்கே வந்து சேருகிறது. கூலருக்குக் காற்றுப் போதவில்லை, அல்லது அது சின்னது. சிப் 100இல் நிற்க, தகடு வெறும் இளஞ்சூட்டில் இருந்தால் நடுவில் எங்கோ வழி அடைபட்டிருக்கிறது. அப்போது கூலரைக் கழற்றுங்கள்.

என்னிடம் திருத்த வந்த ஒரு கம்பியூட்டரில் இப்படித்தான் தகடு பச்சைத் தண்ணி மாதிரி இருந்தது, சிப் கொதித்தது. கழற்றினால் கூலரின் அடியில் அந்தக் கண்ணாடித் தாள், "பூட்ட முன் உரிக்கவும்" என்று சிவப்பு எழுத்தில் எழுதினபடி, அப்படியே ஒட்டியிருந்தது. அதற்கு மேல் பேஸ்ட் மிக அழகாக, கேக்குக்கு ஐசிங் பூசின மாதிரிப் பூசியிருந்தார்கள். கொண்டுவந்தவர் பேஸ்டை மட்டும் மூன்று முறை மாற்றியிருக்கிறார்.

தாள் இல்லை என்றால் பேஸ்ட் பதிந்த அச்சைப் பாருங்கள். உங்கள் புரொசெசர் நீளச் சதுரம். இந்த எல்ஜிஏ1700 சொக்கெற்றில் (மதர்போர்டில் புரொசெசர் உட்காருகிற இடம்) அமத்திப் பிடிக்கிற இரும்பு, புரொசெசரை நடுவில் அழுத்துவதால் அது மிக லேசாக வளைந்துவிடும் என்பது தெரிந்த குறைதான். வளைந்திருந்தால் பேஸ்ட் நடுவில் தடிப்பாகவும், ஓரத்தில் மெல்லிசாகவும் கிடக்கும். அந்த இரும்புக்குப் பதிலாகப் பூட்டுகிற சட்டம் ஒன்று விற்கிறார்கள், விலை பெரிதில்லை, சில பாகை குறையும். கையில் பொறுமை இருப்பவர் பூட்டலாம். திருகாணியை மிஞ்சி இறுக்கினால் ராம் பிடிபடாமல் போகும், அதையும் சொல்லிவைக்கிறேன். ஒரு கோருக்கும் இன்னொரு கோருக்கும் ஐந்து, எட்டுப் பாகை வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டாம். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறும் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன, ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. பதினைந்து, இருபது என்று போனால்தான் கூலர் சரிந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பேஸ்டில் எந்தப் பிராண்ட் என்று மினக்கெட வேண்டாம். நல்ல பெயர் உள்ள எதுவும் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று பாகைக்குள்தான். சிரிஞ்சில் வருகிற மலிவு வெள்ளைப் பேஸ்ட் மட்டும் வேண்டாம். திரவ உலோகம் என்று ஒன்று இருக்கிறது, அதில் காலியம் உண்டு, அலுமினியத்தைத் தின்றுவிடும். அது உங்களுக்குத் தேவையில்லாத வேலை.

இனி பயோஸ், மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் இருக்கிற இடம். இதைத் தொட முன் ஒரு முக்கியமான விஷயம். 13ஆம், 14ஆம் தலைமுறை இன்டெல் புரொசெசர்கள் சில, தேவைக்கு மிஞ்சின வோல்டேஜைத் தாமே கேட்டு வாங்கி, காலப்போக்கில் நிலைகுலைந்து போயின. இன்டெல் அதை ஒப்புக்கொண்டு 2024 ஆகஸ்டிலும் செப்டெம்பரிலும் மைக்ரோகோட் (புரொசெசரின் உள்ளே ஓடுகிற கட்டளைகள்) திருத்தங்களை வெளியிட்டது, உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் நீட்டியது. உங்களுடைய 13600கே அந்தப் பட்டியலில் உள்ளது. ஆகவே மதர்போர்டின் பயோஸ் அதற்குப் பிந்தியதா என்று பார்த்து, இல்லை என்றால் முதலில் அதை ஏற்றுங்கள். ஏற்கெனவே பழுதான சிப்பைத் திருத்தம் சுகப்படுத்தாது, நல்ல சிப்பைக் காப்பாற்றும். ஏற்றும்போது யூபிஎஸ் கட்டாயம். நடுவில் கரண்ட் போனால் போர்ட் செத்துவிடும். எங்கள் நாட்டில் கரண்ட் எப்போது, எதனால் போகும் என்று யார் சொல்ல முடியும்? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டது என்று அமைச்சரே சொன்னார், நாடு முழுக்க இருண்டது.

பயோஸ் ஏற்றிய பிறகு எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பவர் லிமிட் (எத்தனை வாட் வரை எடுக்கலாம்) என்ற இடத்தைப் பாருங்கள். 4095 வாட் என்று நின்றால் சிரிக்கலாம். விளையாட்டுக்காரருக்கு என்று விற்கிற பல போர்ட்களில் அப்படித்தான் வருகிறது, "எல்லையே இல்லை" என்பதற்கு அவர்கள் எழுதுகிற முறை அது. இந்தப் புரொசெசருக்கு இன்டெல் எழுதியிருப்பது நீண்ட நேரத்துக்கு 125, உச்சத்துக்கு 181. இரண்டையும் 181 ஆக வையுங்கள். பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டி, மூன்று இலக்கங்களைக் கொப்பியில் எழுதுங்கள்: ஸ்கோர், உச்சச் சூடு, அறைச் சூடு. இந்த மூன்றாவதை ஒருவரும் எழுதுவதில்லை, அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

அடுத்தது வோல்டேஜைக் குறைப்பது. ஓவர்குளொக் கேட்டவனுக்கு இறக்கச் சொல்கிறானே என்று நினைப்பீர்கள். எல்லாச் சிப்பும் ஓடவேண்டும் என்பதற்காகக் கொம்பனி கொஞ்சம் கூடுதலாகத்தான் வோல்டேஜ் எழுதி அனுப்பும். உங்கள் சிப்புக்கு அவ்வளவு தேவையில்லாமல் இருக்கலாம். ஓஃப்செற்றை, அதாவது கழிக்கிற அளவை, மைனஸ் 0.050 வோல்டில் தொடங்குங்கள். ஓடினால் 0.070, பிறகு 0.090. ஒவ்வொரு படியிலும் ஸ்கோரையும் பாருங்கள். சூடு குறைந்து ஸ்கோரும் சேர்ந்து குறைந்தால் சந்தோசப்படாதீர்கள். சிஇபி என்ற ஒரு பாதுகாப்பு இடையில் புகுந்து, வோல்டேஜ் போதாது என்று நினைத்துக் குளொக்கை இழுத்துப் பிடிக்கிறது. பெயரில் கே உள்ள புரொசெசரும் இசட் உள்ள போர்டும் என்றால் அதைப் பயோஸில் நிறுத்தலாம். எச்டபிள்யூஇன்ஃபோவில் அடியில் "டபிள்யூஎச்இஏ" என்று, வன்பொருள் பிழைகளை எண்ணுகிற ஒரு வரி இருக்கும். அதில் ஒரு பிழை விழுந்தாலும் ஒரு படி திரும்பி வாருங்கள். திரை நீலமாகும் வரை காத்திருக்கத் தேவையில்லை, சிப் அதற்கு முன்பே முனகத் தொடங்கிவிடும்.

இது முடிந்தபின்தான் வேகம். 5.2, பிறகு 5.3. ஒவ்வொன்றுக்கும் ஓடக்கூடிய ஆகக் குறைந்த வோல்டேஜைத் தேடுங்கள். பொதுவாக ஒரு சிப் ஒரு இடம் வரை சுகமாக ஏறும், அதற்கு மேல் ஒவ்வொரு 100 மெகாஹெட்ஸுக்கும் வோல்டேஜை அள்ளிக் கேட்கும். அந்த வளைவு தொடங்குகிற இடத்துக்குச் சற்றுக் கீழே நில்லுங்கள். லோட் லைன் என்று ஒன்று இருக்கிறது, சுமை வந்ததும் வோல்டேஜ் எவ்வளவு தாழலாம் என்று தீர்மானிக்கிறது. நடுத்தரத்தில் விடுங்கள். ஆகக் கடைசிப் படியில் வைத்தால் திரையில் வோல்டேஜ் ஆடாமல் நிற்கும், பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் சுமை விடுபடுகிற அந்தக் கணத்தில் மேலே தெறிக்கும். மென்பொருள் அதைக் காட்டாது. பயோஸில் சூட்டு எல்லையை 100இல் இருந்து 90க்கு இறக்கியும் வையுங்கள். நீங்கள் மறந்தாலும் அது மறக்காது.

உங்கள் அறைக்கு 5.5 சரிவராது. 5.3 கிடைத்தால் நல்ல சிப். 5.2இல் நின்றாலும் எனக்கு ஆச்சரியமில்லை.

கூலருக்கு வருவோம். காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் இரட்டைக் கோபுரம், ஆறு செப்புக் குழாய், இரண்டு 120 ஃபேன் உள்ள காற்றுக் கூலர் ஒன்று எடுங்கள். தேர்மல்ரைற்றின் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, டீப்கூலின் ஏகே620 இந்த வகை. விலை குறைந்த தண்ணிக் கூலர்களோடு தோளுக்குத் தோள் நிற்கும். 360 மில்லிமீற்றர் தண்ணிக் கூலர் இவற்றை விடக் குளிர் என்பது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் காற்றுக் கூலரில் பழுதாகக் கூடியது ஃபேன் ஒன்றுதான், அதை இங்கேயே பிரதான வீதியில் வாங்கி அரை மணித்தியாலத்தில் மாற்றலாம். தண்ணிக் கூலரின் பம்ப் நின்றால் சாமான் கொழும்பில் இருந்து வரவேண்டும். அது வரும் வரை கம்பியூட்டர் மேசைக்கு அலங்காரம். இன்னொன்று, கோபுரக் கூலரின் ஃபேன் சொக்கெற்றைச் சுற்றியுள்ள வோல்டேஜ் பாகங்களுக்கும் கொஞ்சம் காற்று அடிக்கும். தண்ணிக் கூலர் போட்டால் அந்த மூலையில் காற்று அசையாது. 35 பாகை அறையில், 200 வாட் ஓடும்போது அந்தப் பாகங்கள் சூடாகி அவையே வேகத்தை இறக்கச் சொல்லும். அதையும் மீறித் தண்ணிக் கூலர்தான் என்றால், பம்ப் இருக்கும் இடம் முழுச் சுற்றிலும் ஆக உயரமான இடமாக வராதபடி பூட்டுங்கள். உள்ளே உள்ள காற்றுக் குமிழ் உயரத்துக்குத்தான் போகும், பம்புக்குள் போனால் சத்தம் போட்டுச் செத்துவிடும்.

கேசிங்கின் முன்பக்கம் கண்ணாடியா? கழற்றிவிட்டு ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். ஐந்து பாகைக்கு மேல் குறைந்தால் குற்றவாளி அதுதான். பக்கக் கதவைத் திறந்து மேசை ஃபேனைத் திருப்பி வைப்பது எங்கள் ஊர் வழக்கம், குறையத்தான் செய்யும். ஆனால் நீங்கள் இருப்பது கடற்கரைப் பக்கம். நிலாவெளி, உப்புவெளி, சாம்பல்தீவு வீடுகளில் இருந்து வருகிற கூலர்களைக் கண்ணைக் கட்டிவிட்டுத் தந்தாலும் கண்டுபிடிப்பேன். தகட்டின் ஓரத்தில் வெள்ளையாக மா பூத்திருக்கும். ஃபேன் இதழின் முன்விளிம்பைத் தடவினால் மணல்தாள் மாதிரிச் சொரசொரக்கும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஈரத்தில் தூசு பசை மாதிரி ஒட்டும், ஊதினாலும் போகாது. ஆகவே கதவை மூடி, முன்னால் வலைவடி போட்டு, உள்ளே இழுக்கிற ஃபேன் வெளியே தள்ளுகிறதை விடக் கூடுதலாக இருக்கும்படி வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வலையைக் கழுவிக் காயவைத்துப் பூட்டுங்கள். தகட்டை ஐசோபுரொப்பைல் அல்ககோலில் தொட்ட தூரிகையால் துடையுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தறிகெட்டுச் சுழலவிட்டால் பெயாரிங் போகும். அப்படியே பவர் சப்ளைக்குப் பக்கத்திலும் ஒருக்கால் எட்டிப் பாருங்கள். பல்லிக்கு இளஞ்சூடு பிடிக்கும். நான் திறந்த கேசிங்குகளில் பல்லி முட்டை கண்டது ஒன்று இரண்டு இல்லை.

அறையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இவ்வளவும் வீண். புரொசெசர் 180 வாட், கிராஃபிக்ஸ் காட் 250 என்றால் நீங்கள் விளையாடுகிற நேரம் முழுக்க அரை அயன்பெட்டி அந்த அறைக்குள் எரிகிறது. கதவு, யன்னல் பூட்டி இரண்டு மணித்தியாலம் இருந்தால் அறையே இரண்டு மூன்று பாகை ஏறும், சிப்பும் கூடவே ஏறும். கம்பியூட்டரைக் கீழ்மாடிக்கு இறக்க முடியுமா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். எந்தக் கூலரும் தராத ஐந்தாறு பாகை அதில் சும்மா கிடைக்கும். முடியாது என்றால் கேசிங்கைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி, யன்னல் பக்கம் வையுங்கள். ஏசி போடுவதென்றால் போடலாம், 9000 பிடியூ ஏசியின் வலுவில் ஆறில் ஒரு பங்கு உங்கள் கம்பியூட்டருக்கே போகும் என்பதையும், அலகு கூடக் கூட மின்சாரக் கட்டணம் எப்படி ஏறும் என்பதையும் அப்பாவுக்கு நீங்களே விளங்கப்படுத்துங்கள்.

ஐஸ்தண்ணி, ஃபிரிஜ் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 30 பாகை அறையில் ஈரப்பதன் 75 வீதம் இருந்தால், 25 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளிலும் தண்ணி வேர்க்கும். சோடாப் போத்தலைச் சுற்றி ஓடுகிற அதே தண்ணி மதர்போர்டின் மேல் ஓடும்.

எவ்வளவு சூடு வரை பொறுக்கலாம் என்றும் கேட்பீர்கள். விளையாட்டில் இந்தப் புரொசெசர் சினிபெஞ்சில் எடுப்பதில் பாதி அளவுதான் எடுக்கும், 70ஐ ஒட்டி நின்றால் யோசிக்க ஒன்றுமில்லை. முழுச் சுமையில், ஆவணிப் பின்னேரம், 90க்குள் நின்றால் நான் கையை எடுத்துவிடுவேன். 100ஐத் தொட்டால் உடனே எரிந்துவிடாது, அதற்குத்தான் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் சிப்பின் உள்ளே உள்ள உலோக இழைகளை மின்னோட்டம் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டுபோகும். மோட்டோரோலாவில் இருந்த ஜேம்ஸ் பிளாக் 1960களின் இறுதியிலேயே இதைச் சமன்பாடாக எழுதிவைத்தார்: மின்னோட்டமும் சூடும் சேர்ந்து ஏறினால் ஆயுள் சறுக்கிக்கொண்டு இறங்கும். அதனால்தான் 80 பாகையில் 1.45 வோல்ட் ஓடுகிறவரை விட, 90 பாகையில் 1.25 ஓடுகிறவரைப் பார்த்து எனக்குப் பயம் குறைவு.

ஏஎம்டியின் ரைசன் புரொசெசர் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வரி. 7000 வரிசையில் பெரிய சிப்புகள் முழுச் சுமையில் 95ஐத் தொடுவது ஏஎம்டி அப்படியே வடிவமைத்தது, கூலரை மாற்றினாலும் 95இல்தான் நிற்கும், வேகம் மட்டும் கொஞ்சம் கூடும். ஈகோ மோட் (வாட்டைக் குறைக்கிற அமைப்பு) போட்டு, கேவ் ஒப்டிமைசரில் (வோல்டேஜைக் குறைக்கிற அமைப்பு) மைனஸ் 15இல் தொடங்கினால் சூடு நன்றாக இறங்கும், வேகம் கொஞ்சம்தான் குறையும். 5800எக்ஸ்3டி வைத்திருப்பவர் வேகத்தை ஏற்ற வழி தேடி அலைய வேண்டாம், ஏஎம்டி அதைப் பூட்டித்தான் விற்றது.

தம்பி, இரவில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சரி என்று படுக்காதீர்கள். ஒரு வெப்பமானி வாங்கிக் கேசிங்கின் முன்பக்கம், காற்று உள்ளே போகிற இடத்தில் வையுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு, அறை ஆகச் சூடாக இருக்கிற நேரத்தில், சினிபெஞ்ச் அரை மணித்தியாலமும் ஓசிசிடி என்ற சோதனை மென்பொருள் ஒரு மணித்தியாலமும் ஓட்டுங்கள். அந்த நேரத்தில் பிழையில்லாமல் நின்றால் மார்கழிக்கு நீங்கள் ஒன்றும் செய்யத் தேவையில்லை. கூலரைக் கழற்றினால் பேஸ்ட் அச்சைத் துடைக்க முன் ஒரு படம் எடுத்து, தகடு சுட்டதா இல்லையா என்பதையும் சேர்த்து அனுப்புங்கள், மிச்சத்தை அதைப் பார்த்துக் கதைப்போம்.